அரை இஞ்ச் தளர்வு

ஆகஸ்ட் 4, திங்கள்

நான் வண்டிக்கு ஏசி போடவில்லை. டாக்ஸி ஸ்டாண்டில் இன்று காலை என் காதுபடவே ஒருவன், "கொடைக்கானல் குளிரு பத்தலையாம், டீச்சர் ஏசி மாட்டுறாங்க" என்றான். மற்றவர்கள் சிரித்தார்கள். நான் டீச்சரும் இல்லை. கான்வென்டில் படித்தவள், அவ்வளவுதான். இந்த ஊரில் ஒரு பெண் நிமிர்ந்து நடந்து, கடிதத்தில் தேதி போட்டு எழுதினால் அவளை டீச்சர் ஆக்கிவிடுகிறார்கள்.

சரியானது ஓரிடத்திலாவது எழுத்தில் இருக்கட்டும். என் கணவர் ஹென்றி கொரேரா விட்டுச்சென்ற டீசல் பிக்கப்பில் இரண்டாவது ஆல்டர்னேட்டர் ஒன்றைப் பொருத்துகிறேன். என்ஜின் ஓடும்போது மின்சாரம் உண்டாக்கி பேட்டரிக்குத் தருவது அது. எல்லா வண்டியிலும் ஒன்று இருக்கும். எனக்கு இரண்டு வேண்டும்.

காரணம், பின்சீட்டில் உட்காரப்போகிறவர். ஹென்றியின் அக்கா பிரகாசி மைனிக்கு எழுபத்தெட்டு வயது. நுரையீரல் சுருங்கிவிட்டது. இரண்டு வருடமாக மூக்கில் குழாய், குழாயின் மறுமுனையில் ஆக்சிஜன் மெஷின். மெஷினுக்குக் கரண்ட் வேண்டும், எந்நேரமும். குழாய் முப்பது அடி. அது எட்டும் இடம்தான் மைனியின் ஊர்: படுக்கையறை, கூடம், சமையலறை ஜன்னல்.

"இந்த உயரத்தில் காற்றே குறைவு. கடலோரத்துக்கு இறக்கினால் இன்னும் சில வருடம் நன்றாக இருப்பார்" என்கிறார் டாக்டர். கடலோரத்தில் ஹென்றியின் சொந்த ஊரான பெரியதாழையில் அவருடைய அண்ணன் மகன் ரொசாரியோ ஓர் அறையைத் தயார் செய்துவிட்டான். செப்டம்பர் 27 அன்று அங்கே ஹென்றியின் பத்தாம் ஆண்டுத் திருப்பலி. கல்லறையும் அங்கேதான். பூசைக்கு மைனியை அழைத்துப்போய் அப்படியே ரொசாரியோவிடம் விட்டுவிட்டு வருவது என்று ஏற்பாடு. ஹென்றியை அடக்கம் செய்தபின் எனக்கு மூன்று நாள் துணையாக வந்தவர், பத்து வருடம் இருந்துவிட்டார். இனி வீட்டில் அமைதி இருக்கும்.

எட்டு மணி நேரப் பயணம். ஆம்புலன்ஸ் வேண்டாம் என்கிறார். "அந்த வண்டியிலதான் பொணத்தையும் ஏத்துதானுவ. நான் என் காலால ஏறி என் காலால எறங்குவேன்." பெரிய சிலிண்டர்களோடு கொண்டை ஊசி வளைவுகளில் இறங்க எந்த டாக்ஸிக்காரனும் சம்மதிக்கவில்லை. சென்ற மாதம் மெஷினை பிக்கப் பேட்டரியில் மாட்டி, பெருமாள்மலை வரை ஒத்திகை பார்த்தோம். மழை. விளக்கு, வைப்பர், மெஷின் மூன்றும் சேர்ந்து பேட்டரியை உறிஞ்சிவிட்டன. மெஷின் அலறியது. மைனி கைச் சிலிண்டரில் மூச்சு விட, நான் நடுரோட்டில் நின்று ஒரு கேரட் லாரியை மறித்தேன். அதன் பிறகு ஆட்டோ எலெக்ட்ரீஷியன் ஜபருல்லா சொன்ன வழி இது. ஒன்று வண்டிக்கு. மற்றொன்று, தனி பேட்டரியோடு, மெஷினுக்கு மட்டும்.

ஆகஸ்ட் 7, வியாழன்

மதுரையிலிருந்து ஆல்டர்னேட்டர் வந்தது. பழையது. புதியது கிடைக்க இரண்டு மாதமாம். ஜபருல்லா கோணிப்பையைப் பிரித்து, "அருமையான டைனமோம்மா" என்றான்.

"ஆல்டர்னேட்டர்."

"அதான்ம்மா, டைனமோ."

டைனமோ வேறு, ஆல்டர்னேட்டர் வேறு என்று மூன்றாவது முறையாகச் சொன்னேன். பிறகு ஹென்றியின் பூதக்கண்ணாடியை எடுத்துவந்து பார்த்தேன். பின்மூடியில் புதுப் பெயின்ட். பழைய பொருளில் ஒரே இடத்தில் மட்டும் எதற்குப் புதுப் பெயின்ட்? நகத்தால் சுரண்டினேன். கீழே மயிரிழை விரிசல்.

ஜபருல்லா விரிசலைத் தடவிப் பார்த்து, "உங்க கண்ணு கண்ணுதாம்மா" என்று திரும்பக் கட்டினான். நான் சொன்னது சரி. ஆனால் ஒரு வாரம் போயிற்று.

ஆகஸ்ட் 8, வெள்ளி

மழை. மூன்று முறை மின்வெட்டு. வீட்டு இன்வெர்ட்டர் தாங்கியது. மைனி நாள் முழுக்க மீன் கேட்டார். மலையில் நல்ல மீனுக்கு நான் எங்கே போவேன்?

ஆகஸ்ட் 13, புதன்

திருப்பி அனுப்பியதற்குப் பதில் வேறோர் ஆல்டர்னேட்டர் வந்தது. இதில் குறை கண்டுபிடிக்க முடியவில்லை. ஆனால் அதை என்ஜினோடு பிடித்து வைக்கும் பிராக்கெட்டை வத்தலக்குண்டு லேத் பட்டறையில் அடித்தவர்கள் ஓட்டையைத் தவறான இடத்தில் போட்டிருக்கிறார்கள். ஜபருல்லா ஓட்டையை அரத்தால் நீட்டிப் பொருத்தினான். என்ஜினிலும் ஆல்டர்னேட்டரிலும் பெல்ட் ஓடுகிற சக்கரங்கள், இரண்டு புல்லிகள், அவற்றின் முகத்தில் ஸ்டீல் ஸ்கேலை வைத்துப் பார்த்தேன். ஒன்று தீக்குச்சிக் கனம் முன்னால் நின்றது.

"இது நேராக இல்லை."

"ம்மா, மொதல்ல அந்த ஸ்கேல வீட்டுக்குள்ள வச்சிட்டு வாங்க."

"ஸ்கேல் பொய் சொல்லாது."

"ஸ்கேல் பொய் சொல்லல. ஒரு வாஷர் போட்டா முடிஞ்சுது. அத நான் சொல்றதுக்குள்ள ஸ்கேல் பேசுது."

வாஷர் வேண்டாம், பிராக்கெட்டையே புதிதாக அடித்து வரச் சொன்னேன். அவன் கொண்டுவந்த இரண்டு பெல்ட்டுகளையும் அளவு சரியில்லை என்று திருப்பினேன். அவன் போனதும் மைனி சமையலறை ஜன்னலிலிருந்து கூப்பிட்டார்.

"ஏட்டி வின்னி. ஒனக்கு நான் போறதுல மனசில்ல. அதான் வந்ததையெல்லாம் திருப்பி அனுப்புத."

அபத்தம். ஒழுங்காக நடக்க வேண்டும் என்று நினைப்பது குற்றமா? மைனிக்கு நாற்பதடியில் புதுக் குழாய் வாங்கி வந்திருந்தேன். பேச்சில் அதை மாட்டவே மறந்துவிட்டேன். பெரியதாழையில் அறை எவ்வளவு நீளம் என்று ரொசாரியோவிடம் கேட்க வேண்டும்.

ஆகஸ்ட் 16, சனி

பிராக்கெட் வந்தது. சரியாக இருந்தது. ஆனால் வேலை நடக்கவில்லை. காலை எட்டு மணிக்குக் காட்டுமாடு ஒன்று கேட்டைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்து பிக்கப்புக்கு முன்னால் நின்றுகொண்டது. ஜபருல்லா ரோட்டிலேயே நின்றான். "அது போவட்டும்மா. அதுக்கும் வண்டியில எதாச்சும் கொறை தெரியுதோ என்னமோ." பதினொன்றரைக்கு அது தானாகப் போயிற்று. அவன் அதற்கு முன்பே போய்விட்டிருந்தான்.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

பொருத்தியாயிற்று.

கடைசி வேலை பெல்ட். ஜபருல்லா ஸ்பானரால் போல்ட்டை முறுக்கி, இரண்டு புல்லிகளுக்கும் நடுவே பெல்ட்டைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தான். உள்ளே போயிற்று. இன்னும் கொஞ்சம் முறுக்கினான். மறுபடி அழுத்தினான்.

"அரை இஞ்ச் ஆடணும்மா. அதுக்கு மேல ஆடுனா வழுக்கும். கொறைஞ்சா பேரிங் போயிரும்."

"அரை இஞ்ச் என்று எதை வைத்துச் சொல்கிறாய்?"

அவன் கட்டைவிரலைக் காட்டினான். "இதான் மீட்டரு."

எழுதிக் கொடு என்றேன். "வாய் வார்த்தை போதாதாம்மா" என்று சிரித்தான். எனக்குத் தளர்வு பிடிக்காது. எங்கள் கான்வென்டில் சிஸ்டர் அகதா ஒவ்வொரு சடையையும் இழுத்துப் பார்ப்பார். ஆடினால் அவிழ்த்து மறுபடி பின்ன வேண்டும். கண் ஓரம் இழுபட்டு வலிக்கும்வரை பின்னுவோம்.

என்ஜினைக் கிளப்பினோம். மைனியை மெதுவாக நடத்தி வந்து பின்சீட்டில் ஏற்றினேன். தன் காலால்தான் ஏறினார். மெஷின் ஓடியது. இரண்டு மணி நேரம் வாசலில் நின்ற வண்டியில் உட்கார்ந்து ஜெபமாலை சொன்னார். கண்ணாடியை இறக்கி, "இது பெரியதாழையா? உப்புக் காத்தே வரலியே" என்று ஜபருல்லாவிடம் கேட்டார். அவன், "வரும் ஆச்சி. நானே ஓட்டிட்டு வந்து எறக்கி விடுறேன். ஹென்றி சாரையும் பாத்துட்டு வரணும்" என்றான். அவனுக்குக் கடை வைக்க இடம் பிடித்துக் கொடுத்தவர் ஹென்றி.

பேட்டரி நிறைந்தே இருந்தது. வேலை திருப்தி என்றே சொல்ல வேண்டும்.

ஆகஸ்ட் 22, வெள்ளி

தினமும் காலையில் வாசலிலேயே ஒரு மணி நேரம் என்ஜினை ஓடவிட்டுப் பார்க்கிறேன். கிளப்பியதும் பெல்ட் கீச்சென்று கத்துகிறது. இன்று எதிர்வீட்டில் ஜன்னல் திறந்து பார்த்தார்கள். ஜபருல்லாவுக்கு ஃபோன் செய்தேன்.

"பனிம்மா. பெல்ட்டுல ஈரம். சூடானா நின்னுரும்."

"தளர்வாக இருக்கிறது. அதனால் கத்துகிறது."

"ரெண்டு நிமிசம் கத்தட்டும்மா. கொழந்தைன்னு நெனச்சுக்கங்க. தொட வேணாம்."

ஒரு பொருள் ஒழுங்காக இருந்தால் ஏன் கத்த வேண்டும்?

மற்ற வேலைகள்: இஞ்சி வாங்கினேன். மைனியின் இரண்டு சேலைகளுக்கு ஃபால்ஸ் தைத்தேன். ஹென்றியின் பதினான்காம் நம்பர் ஸ்பானரைத் துடைத்து அதன் இடத்தில் வைத்தேன்.

ஆகஸ்ட் 23, சனி

இன்று வண்டி கத்தவில்லை.

ஆகஸ்ட் 30, சனி

இன்று எழுத்து சரியில்லை.

இரண்டாவது ஒத்திகைக்குப் போனோம். நான் ஓட்டினேன். ஜபருல்லாவைக் கூப்பிடவில்லை. பெருமாள்மலைவரை போய்த் திரும்ப அவன் எதற்கு? மைனி ஜன்னலோரம் உட்கார்ந்து கடைகளின் பெயர்களைப் படித்துக்கொண்டு வந்தார். இரண்டு வருடத்தில் மூன்று பேக்கரி புதிதாக வந்திருக்கிறதாம், போன தடவை மழையில் தெரியவில்லையாம்.

ஏழு கிலோமீட்டரில் முன்னாலிருந்து ஓர் ஊளை. மெல்லியதாகத் தொடங்கி உரத்தது. பிறகு ரப்பர் கருகும் வாசம். பிறகு சாட்டை அடித்தாற்போல ஒரு சத்தம். ஊளை நின்றது. பானெட்டைத் திறந்தேன். புது ஆல்டர்னேட்டர் இறுகிக்கொண்டுவிட்டது. புல்லியைக் கையால் அசைக்கக்கூட முடியவில்லை. பெல்ட் அறுந்து துண்டுதுண்டாகக் கிடந்தது.

என்ஜின் ஓடியது. மெஷின் மட்டும் தனி பேட்டரியில் மிச்சமிருந்ததைத் தின்றுகொண்டிருந்தது. வண்டியைத் திருப்பினேன். ஏற்றத்தில் ஒரு சுற்றுலா பஸ் வழி விடவில்லை. ஏரிக்கருகே வரும்போது மெஷின் அலறத் தொடங்கியது. சிலிண்டரைத் திறந்து மாற்றினேன். அதன் முள் ஏற்கெனவே கால்பங்கில் இருந்தது. அதை நிரப்பி வைக்காததும் நான்தான். கண்ணாடியில் மைனியின் உதடு நீலமாகத் தெரிந்தது. ஹாரனிலிருந்து கையை எடுக்காமல் வந்தேன். ஹாரன் அடித்து வண்டி ஓட்டுகிறவர்களை நான் என்றும் மதித்ததில்லை.

மெஷினை வீட்டுக் கரண்டில் மாட்டிக் கால்மணி நேரம் கழித்துத்தான் மைனிக்குப் பேச்சு வந்தது.

"நல்லாத்தான்... ஓட்டுத. பத்து வருசமா... ஏன் எங்கயும் கூட்டிட்டுப் போவல?"

கஞ்சி வைக்கப் போனேன்.

செப்டம்பர் 1, திங்கள்

ஆல்டர்னேட்டரைக் கழற்றிப் பையில் போட்டு ஜபருல்லாவின் கடைக்குக் கொண்டுபோனேன். கடைமுன் நான்கு டிரைவர்கள் நின்றார்கள். அதை அவன் மேசைமேல் வைத்தேன்.

"ஒரு மனுஷி சாக இருந்தாள். உன் கட்டைவிரல் பார்த்த வேலை இது."

அவன் எழுந்துவிட்டான். "ஆச்சிக்கு என்னம்மா? நல்லா இருக்காங்களா?"

"இருக்கிறார். உன்னால் அல்ல."

அவன் புல்லியைத் திருப்பப் பார்த்தான். திரும்பவில்லை. மெதுவாகக் கேட்டான்: "நான் வச்சிட்டுப் போனப்ப அரை இஞ்ச் ஆடுச்சும்மா. அப்புறம் யாராச்சும் தொட்டீங்களா?"

"இல்லை."

அவன் என்னைப் பார்க்கவில்லை. பையில் நான் கொண்டுபோயிருந்த போல்ட்டை எடுத்து, அதன் தலையை விரலால் தடவினான். அவன் கடை ஸ்பானரின் அடையாளம் ஒருபக்கம். இன்னொரு பக்கத்தில் வேறு ஸ்பானர் வழுக்கிய தடம், வெள்ளையாக. அதை வெகுநேரம் பார்த்தான்.

"சரிம்மா. அப்ப எந் தப்புதான்."

"தப்புதான்."

"இனிமே அந்த பானெட்ட நான் தொறக்க மாட்டேன். எனக்குத் தெரியாம அதுக்குள்ள என்னமோ நடக்குது. அதுக்கெல்லாம் நான் பதில் சொல்ல முடியாதும்மா."

ஆணவம். ஆல்டர்னேட்டரையும் போல்ட்டையும் பையில் போட்டுத் திரும்பக் கொண்டுவந்தேன். இருபத்தாறு நாள் இருக்கிறது.

செப்டம்பர் 2, செவ்வாய்

வாகனப் பழுதுபார்ப்போர் சங்கத்துக்குப் புகார் எழுதிக் கொடுத்தேன். நேற்றைய கோபத்தில் அல்ல, நிதானமாக, முழுப்பக்கம். அவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. யார்மீது புகார் வந்தாலும் டாக்ஸி ஸ்டாண்டுக் கரும்பலகையில் பெயரோடு எழுதிவிடுவார்கள். புகார் கொடுத்தவரே வந்து தன் கையால் அழிக்கும்வரை அது அங்கேயே இருக்கும். வேறு யாரும் தொடக்கூடாது. மழை படாமலிருக்க மேலே தகரம் வேய்ந்திருக்கிறார்கள்.

"அழிச்சிருவீங்கல்ல டீச்சர், பேசித் தீத்துட்டு?" என்றார் செயலாளர்.

"நான் எழுதியதை அழித்துப் பழக்கமில்லை. டீச்சரும் இல்லை" என்றேன்.

செப்டம்பர் 5, வெள்ளி

திண்டுக்கல்லிலிருந்து ஒருவரை வரவழைத்தேன். பானெட்டைத் திறந்தார். மூடினார். "ரெண்டாவது ஆல்டர்னேட்டரா? எதுக்குங்க? அந்த பிராக்கெட்டையும் கழட்டிருங்க, வண்டி லேசாயிரும்." டீ குடித்துவிட்டுப் போனார்.

செப்டம்பர் 9, செவ்வாய்

பழனியிலிருந்து இன்னொருவர். குறைந்தபட்சம் இவர் ஆல்டர்னேட்டரைப் பிரித்தார். பேரிங்கை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். குண்டு குண்டாக இருக்க வேண்டிய இடத்தில் நீலம் பாய்ந்த கருகல்.

"பெல்ட்ட வீணை கம்பி கணக்கா இழுத்துக் கட்டிருக்காங்க. பேரிங் என்ன பண்ணும், பாவம். பனில கத்துதுன்னு எவனாச்சும் முறுக்கியிருப்பான். மேல ஊர்க்காரங்க எல்லாம் பண்ற வேலதான் இது." பிறகு கேட்டார்: "யாரு கட்டுனது?"

"இங்கே ஓர் ஆள்" என்றேன்.

"வேல தெரியாத ஆளுங்க."

புது பேரிங் போட்டுத் தருகிறேன், ஆனால் தீபாவளிக்குப் பிறகுதான் என்றார்.

பேரிங்கைக் குப்பையில் போடவில்லை. மேசை இழுப்பறையில் இருக்கிறது.

செப்டம்பர் 12, வெள்ளி

பள்ளி வேன்களின் வயரிங் வேலை பதினொரு வருடமாக ஜபருல்லாவிடம் இருந்தது. அது போய்விட்டதாம். காய்கறிக்காரம்மா சொன்னாள். "போர்டுல பேரு இருக்குல்ல, புள்ளைங்க போற வண்டியாச்சேன்னு வேற ஆளுக்குக் குடுத்துட்டாங்க." நான் பீன்ஸைப் பொறுக்கிக்கொண்டிருந்தேன். முற்றல். திருப்பிக் கொடுக்காமல் வாங்கி வந்துவிட்டேன்.

மைனியிடம் ஏன் சொன்னேனோ தெரியவில்லை. ஜன்னலோர ஸ்டூலில் இருந்தார்.

"நான் அன்னிக்கு இங்கதான் நின்னேன்" என்றார்.

"என்றைக்கு?"

"எனக்கு வேற எந்தச் சன்னலுக்கு டியூப் எட்டும்? நீ முந்தானைய இடுப்புல சொருகிக்கிட்டு... ஸ்பானரும் கையுமா குனிஞ்சு நின்ன. ஒரு வழுக்கு வழுக்கிச்சு. மறுபடியும் இழுத்த. நல்ல பலந்தான் ஒனக்கு."

பீன்ஸ் நறுக்குவதை நிறுத்தவில்லை. "அன்றைக்கே சொல்லியிருக்கலாமே மைனி."

"நீ சொல்லுவன்னு பாத்தேன்."

மூச்சு வாங்கினார். நான் மெஷினின் அளவைப் பார்த்தேன். சரியாகத்தான் இருந்தது.

"கேட்டத் தொறந்து போட்டு... காட்டுமாடு வந்து பசுவ முட்டிச்சே, ஞாபகமிருக்கா? என் தம்பி, 'நாந்தான் பூட்டல'ன்னு தன்மேல போட்டுக்கிட்டு ஊருக்கெல்லாம் சொன்னான். பூட்டாதது யாரு?"

அந்தக் கேட்டை நான்தான் திறந்து வைத்திருந்தேன். 1994.

"முப்பது வருசமா ஒன் தப்பையெல்லாம் அவன் ஒத்துக்கிட்டான். செரி. கட்டுனவன். இந்த ஜபருல்லா எதுக்கு ஒத்துக்கணும்? அவன் என்ன ஒன்னக் கட்டுனவனா?"

எனக்குக் கோபம் வர வேண்டும். வரவில்லை. அதற்குப் பதில் ஒன்று கேட்டுவிட்டேன்: "பெரியதாழையில் ரொசாரியோ வீட்டில் உங்களுக்கு ஜன்னல் இருக்கிறதா?"

"இருக்கு. ஆனா பாக்கதுக்கு நீ இருக்க மாட்டியே" என்றார். "ரொசாரியோ பொண்டாட்டி நல்லவ. ஒரு தப்பும் பண்ண மாட்டா. அவகிட்ட என்னத்தச் சண்ட போட?"

பீன்ஸ் முற்றலாகவே வெந்தது.

செப்டம்பர் 15, திங்கள்

காலை பத்து மணிக்கு ஸ்டாண்டுக்குப் போனேன். கூட்டம் குறைவான நேரம் பார்த்துப் போகலாம் என்று முதலில் நினைத்தேன். அது சரியாகாது. புகார் பத்து மணிக்குத்தான் எழுதப்பட்டது.

ஈரத்துணி கொண்டுபோயிருந்தேன். பலகையில் ஜபருல்லாவின் பெயரும் என் பெயரும் இருந்தன. அழித்தேன். காய்ந்ததும் சாக்பீஸை எடுத்தேன். செயலாளர், "அழிச்சாப் போதும் டீச்சர், எழுத வேணாம்" என்றார். அழித்தால் மட்டும் போதாது. அழித்தால் சமாதானம் ஆயிற்று என்றுதான் நினைப்பார்கள். என்ன நடந்தது என்று யாருக்கும் தெரியாது.

எழுதினேன்:

"கொரேரா வீட்டு பிக்கப்பில் டைனமோ கெட்டதற்குக் காரணம் ஜபருல்லா அல்ல. அவர் பெல்ட்டைச் சரியாகவே வைத்தார். அவர் தொட வேண்டாம் என்று சொன்ன பிறகு நான் அதை முறுக்கினேன். அவர் கேட்டபோது இல்லை என்று பொய் சொன்னேன். வின்ஃப்ரெடா கொரேரா."

படிப்பவர்களுக்குப் புரிய வேண்டும் என்பதால் டைனமோ என்றே எழுதினேன்.

டிரைவர்கள் பின்னால் வந்து நின்றார்கள். ஒருவன் வாய்விட்டுப் படித்தான். கடைசி வாக்கியம் வந்ததும் குரலை இறக்கிவிட்டான். நான் சாக்பீஸை வைத்துக் கையைத் துடைத்தேன்.

"டீச்சர்" என்றான் ஒருவன். அன்று ஏசி என்று சொன்னவன். "தேதி போடலையே."

யாரும் சிரிக்கவில்லை. அல்லது சிரித்தது எனக்குக் கேட்கவில்லை. திரும்பிப்போய்த் தேதி போட்டேன். டீச்சர் இல்லை என்று சொல்லத் தோன்றவில்லை.

ஜபருல்லாவின் கடை திறந்திருந்தது. அவர் ஒரு ஆட்டோவுக்கு அடியில் படுத்திருந்தார். கால்கள் மட்டும் தெரிந்தன. எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. அவரை வெளியே வரச் சொல்ல எனக்கு உரிமை இல்லை என்று பட்டது. திரும்பிவிட்டேன்.

ரொசாரியோவுக்கு ஃபோன் செய்தேன். அறை பதினாறடி நீளமாம். போதும்.

செப்டம்பர் 16, செவ்வாய்

பள்ளி நிர்வாகத்துக்கு ஒரு கடிதமும், ஜபருல்லாவுக்கு ஒன்றும் எழுதி, இரண்டையும் நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். இரண்டாவதன் நகல்:

திரு. ஜபருல்லா அவர்களுக்கு,

ஆகஸ்ட் 22 அன்று காலை, நீங்கள் வைத்துச் சென்ற பெல்ட்டை என் கணவரின் பதினான்காம் நம்பர் ஸ்பானரால் நான் முறுக்கினேன். செப்டம்பர் 1 அன்று நீங்கள் கேட்டபோது மறுத்தேன். போல்ட்டைப் பார்த்ததுமே உங்களுக்குத் தெரிந்துவிட்டது. எனக்கும் அது தெரிந்தது. நான்கு பேர் நடுவில் நீங்கள் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. நான் உங்கள் பெயரைப் பலகையில் எழுத வைத்தேன். இதை நேரில் சொல்ல வந்தேன், முடியவில்லை. மன்னிப்புக் கேட்கிறேன்.

பள்ளி வேன் வேலையை உங்களிடமே திருப்பித் தர வேண்டும் என்று காரணத்தோடு இன்று நிர்வாகத்துக்கு எழுதியிருக்கிறேன். அவர்கள் செய்வார்களா என்பது என் கையில் இல்லை. மறுபடி எழுதுவேன்.

இனி என் வேண்டுகோள். பேரிங்கையும் பெல்ட்டையும் நீங்கள்தான் மாற்ற வேண்டும். வேறு இரண்டு பேர் பார்த்தார்கள். வேலை நடக்கவில்லை. 26 வெள்ளிக்கிழமை விடியற்காலை கிளம்பினால் மாலைக்குள் பெரியதாழை போய்விடலாம். முன்பு சொன்னபடி நீங்களே ஓட்டி வருவதானால், ஜும்ஆ தொழுகைக்குத் தூத்துக்குடியில் நிறுத்தலாம். என்ஜினை ஓடவிட்டு நான் வண்டியில் மைனியோடு இருப்பேன். எதையும் தொட மாட்டேன்.

ஒரு மாற்றம் உண்டு. நானும் அங்கேயே இருக்கப்போகிறேன். ரொசாரியோவை அந்த அறையில் இரண்டு கட்டில் போடச் சொல்லியிருக்கிறேன். மைனிக்கு இன்னும் சொல்லவில்லை, நீங்களும் சொல்ல வேண்டாம். மாதாமாதம் அவரைத் தூத்துக்குடி ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போக வேண்டியிருப்பதால் வண்டியும் அங்கே நிற்கும். திரும்பும்போது நீங்கள் பஸ்ஸில் வர நேரிடும்.

அங்கே உங்கள் கட்டைவிரல் இருக்காது. ஆகையால் பெல்ட் எந்த இடத்தில், எவ்வளவு ஆட வேண்டும், கத்தினால் எத்தனை நிமிடம் பொறுக்க வேண்டும் என்று உங்கள் கையால் ஒரு தாளில் எழுதித் தாருங்கள். பானெட்டின் உள்பக்கம் ஒட்டி வைத்துக்கொள்கிறேன்.

நீங்கள் வர மறுத்தால் எனக்கு வருத்தம் இருக்கும், குறை இருக்காது. வருவீர்களா மாட்டீர்களா என்பதை வெள்ளிக்கிழமைக்குள் எழுத்தில் தெரிவிக்கவும்.

வின்ஃப்ரெடா கொரேரா
16 செப்டம்பர்